சர்வர் ஓடுகிறது, கிளையண்ட் சேரவில்லை: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

பைத்தானில் முதல் சாக்கெட் புரோகிராம் (நெட்வொர்க் வழியாக இரண்டு புரோகிராம்களைப் பேசவைக்கும் கோடு) எழுதும்போது எல்லோருக்கும் ஏறக்குறைய இதே அனுபவம்தான். ஒரு டெர்மினலில் சர்வர், இன்னொன்றில் கிளையண்ட், ஒரே கணினிக்குள் இரண்டும் அழகாகப் பேசிக்கொள்ளும். சரி, இப்போது நண்பரின் லேப்டாப்பிலிருந்து இணைக்கலாம் என்று போனால் எதுவுமே நடக்காது. உடனே கை கோடுக்குப் போகும்: போர்ட் எண்ணை (கணினிக்குள் எந்தப் புரோகிராமுக்கு என்று சொல்லும் எண்) மாற்றுவது, ஃபயர்வாலை அணைப்பது, இணையத்தில் கிடைத்த வேறொரு கோடை ஒட்டுவது, கணினியை அணைத்துப் போடுவது. நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

யாராவது "இணைய மாட்டேங்குது" என்று வந்து நின்றால் நான் கேட்பது இரண்டே கேள்விதான். திரையில் வந்த பிழையின் கடைசி வரி என்ன? ரன் கொடுத்ததிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து அது வந்தது? பிழையை எல்லோரும் காட்டுவார்கள், நேரத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பாதி விடை அந்த நேரத்தில்தான் இருக்கிறது. கீழே உள்ளதில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். நான் பைத்தானை வைத்துச் சொல்கிறேன், ஆனால் இணைப்பு சம்பந்தமான பிழைகளை எழுப்புவது இயங்குதளம் என்பதால் ஜாவாவிலும் சி-யிலும் கதை இதேதான்.

அறிகுறி: நெட்வொர்க்குக்குப் போவதற்கு முன்பே பிழை

ரன் கொடுத்ததும் டைப் எரர் அல்லது அட்ரிபியூட் எரர் வந்தால் நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வைஃபையைத் தொடாதீர்கள்.

"சாக்கெட் மாட்யூலில் சாக்கெட் என்று எதுவும் இல்லை" என்று வந்தால் முதலில் உங்கள் ஃபைலின் பெயரைப் பாருங்கள். சாக்கெட் பயிற்சிதானே என்று ஃபைலுக்கும் சாக்கெட் என்றே பெயர் வைத்திருப்பீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் தேடுவது உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான், எனவே உண்மையான மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே திரும்ப இழுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் தீர்ந்தது. ரேண்டம் என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் இருக்கிறது என்று வந்தால், போர்ட்டை இன்புட் மூலம் வாங்கியிருப்பீர்கள். இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான் தரும், நீங்கள் 5000 என்று தட்டினாலும் அது நான்கு எழுத்துதான், இன்ட் போட்டு மாற்ற வேண்டும். போர்ட் 0-லிருந்து 65535-க்குள் இருக்க வேண்டும் என்று வந்தால் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். போர்ட்டுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட்தான், அதற்கு மேல் எண்ணே இல்லை. கனெக்ட் ஒரே ஒரு ஆர்கியூமெண்ட்தான் எடுக்கும் என்று வந்தால் முகவரியையும் போர்ட்டையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து இன்னொரு அடைப்புக்குறிக்குள் டியூப்பிளாகக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு", அதுவும் உடனே

இது நல்ல செய்தி, உண்மையாகவே. லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061 என்ற எண்ணோடு வரும். இதன் பொருள்: உங்கள் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் சின்னத் தரவுக் கட்டு) அந்தக் கணினி வரை போய்ச் சேர்ந்தது, அந்தக் கணினி "இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை" என்று பதிலும் அனுப்பிவிட்டது. அதாவது வைஃபை, கேபிள், ரூட்டர் எல்லாம் சரியாக இருக்கின்றன. வீட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், தட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

அப்படியானால் பார்க்க வேண்டியவை மிகக் குறைவு. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை நடுவில் ஏதோ பிழை வந்து நின்றுவிட்டதா? இரண்டு பக்கமும் ஒரே போர்ட் எண்தானா? லிசன் என்ற வரியை எழுதினீர்களா? பைண்ட் மட்டும் செய்துவிட்டு லிசன் செய்ய மறந்தால் போர்ட் உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் வருகிறவர்களுக்குக் கதவு திறக்காது.

அடுத்த சந்தேகம்தான் அடிக்கடி மாட்டுவது. ஒரே கணினியில் வேலை செய்கிறது, வேறு கணினியிலிருந்து மட்டும் மறுக்கிறது என்றால், பைண்ட் வரியில் 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. அதில் பைண்ட் செய்த சர்வர் உள்ளேயிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதை 0.0.0.0 என்று மாற்றினால் அந்தக் கணினிக்கு உள்ள எல்லா ஐபி முகவரிகளிலும் காது கொடுக்கும். கிளையண்ட் பக்கம் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: நண்பரின் லேப்டாப்புக்குக் கொடுத்த கிளையண்ட் கோடிலும் 127.0.0.1 என்றே விட்டுவைத்திருப்பீர்கள். அது போய்த் தேடுவது உங்கள் கணினியை அல்ல, நண்பரின் கணினியையே. அங்கே சர்வர் இல்லை, எனவே மறுப்பு. கிளையண்டில் சர்வர் கணினியின் உண்மையான ஐபிதான் இருக்க வேண்டும்; 0.0.0.0 பைண்ட் செய்வதற்கு மட்டும், அதை கிளையண்டில் போடாதீர்கள்.

விண்டோஸில் ஒரு சின்ன வித்தியாசம். மறுப்பு வந்த பிறகும் அது ஓரிரு முறை திரும்ப முயன்று பார்த்துவிட்டுத்தான் பிழை காட்டும், அதனால் "உடனே" என்பது அங்கே இரண்டு நொடி வரை ஆகலாம்.

அறிகுறி: கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது, வெகுநேரம் கழித்து "டைம்டு அவுட்"

விண்டோஸில் சுமார் 21 நொடி, லினக்ஸில் சுமார் இரண்டு நிமிடம். இந்தக் காத்திருப்பு எதற்கென்றால், உங்கள் கணினி "பேசலாமா" என்று முதல் பாக்கெட்டை அனுப்பியது, பதிலே வரவில்லை, சரி வழியில் தொலைந்திருக்கும் என்று இடைவெளியைக் கூட்டிக் கூட்டித் திரும்ப அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுப்பு என்றால் ஒரு பதில் வந்தது. இங்கே பதில் என்பதே இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் தேட வேண்டிய இடம் தானாகவே மாறிவிடும்: முகவரி தவறு, வழி அடைபட்டிருக்கிறது, அல்லது ஃபயர்வால் பாக்கெட்டை ஓசையில்லாமல் கீழே போடுகிறது.

முதலில் முகவரி. சர்வர் கணினியில் விண்டோஸ் என்றால் ஐபிகான்ஃபிக், லினக்ஸ் என்றால் ஐபி அட்ரஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள். நேற்று எழுதிவைத்த எண்ணை நம்பாதீர்கள், ரூட்டர் அதை வாடகைக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறது, இன்று வேறு எண் இருக்கலாம். வந்த எண் 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினால் அது உள் நெட்வொர்க்குக்கான தனி முகவரி, அதே ரூட்டரில் இருப்பவர்தான் வந்து சேர முடியும். நண்பர் வேறு இணைப்பில் வேறு இடத்தில் இருந்துகொண்டு 192.168-ஐத் தேடினால் அவருடைய சொந்த ரூட்டருக்குள்தான் தேடுவார். 169.254 என்று தொடங்கினால் இன்னும் தெளிவு: ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கோடை மூடிவைத்துவிட்டு வைஃபையைத் துண்டித்துத் திரும்ப இணையுங்கள்.

முகவரி சரி என்றால் அடுத்தது பலரும் பிங் போடுவது, அதாவது அந்தக் கணினி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை. போடலாம், ஆனால் ஒருபக்கமாக மட்டும் நம்புங்கள். பிங் பதில் வந்தால் வழி இருக்கிறது என்பது உறுதி. பதில் வராவிட்டால் ஒன்றும் உறுதியில்லை, ஏனென்றால் விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வழக்கம்தான்.

பிங்கைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சர்வர் கணினியில் உங்கள் புரோகிராமை நிறுத்திவிட்டு, பைத்தானோடு வரும் எச்டிடிபி சர்வர் மாட்யூலை டெர்மினலில் ஓட்டுங்கள். அது தானாகவே 8000 போர்ட்டில், எல்லா முகவரிகளிலும் உட்காரும். ஆனால் நீங்கள் டெர்மினலில் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அதில் உள்ள எல்லாவற்றையும் அது காட்டும், எனவே காலி ஃபோல்டர் ஒன்றில் நின்று ஓட்டுங்கள். பிறகு மற்ற லேப்டாப்பின் பிரவுசரில் சர்வரின் ஐபி, ஒரு முக்காற்புள்ளி, 8000 என்று தட்டுங்கள். பக்கம் திறந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, தவறு உங்கள் கோடில். திறக்காவிட்டால் உங்கள் கோடு இன்னும் குற்றவாளி இல்லை, நெட்வொர்க்கைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை, பாதி இரவை மிச்சப்படுத்தும்.

நெட்வொர்க் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று ஃபயர்வால். விண்டோஸில் முதல்முறை சர்வரை ஓட்டும்போது அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வரும், அவசரத்தில் கேன்சல் கொடுத்திருப்பீர்கள், அது தடை விதியாகவே பதிந்துவிடும். ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் பைத்தானைத் தேடி அனுமதி கொடுங்கள், முழு ஃபயர்வாலையும் அணைத்துப்போட வேண்டியதில்லை. மற்றொன்று வைஃபையின் தனிமைப்படுத்தல். பொது இடங்களிலும் பல விருந்தினர் வைஃபைகளிலும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி அமைத்திருப்பார்கள். இரண்டு லேப்டாப்பிலும் இணையம் வேகமாக வரும், ஐபியும் ஒரே வரிசையில் இருக்கும், ஆனாலும் ஒன்றையொன்று தொட முடியாது. ஒரு ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் இணைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சர்வர் கணினி விண்டோஸ் என்றால் மேலே சொன்ன "மறுப்பு, மௌனம்" என்ற கணக்கு கொஞ்சம் மாறும். ஃபயர்வால் இயங்கும் விண்டோஸ், யாரும் கேட்காத போர்ட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு மறுப்புக்கூட அனுப்பாது, மௌனமாகவே இருந்துவிடும். எனவே அங்கே டைம்டு அவுட் வந்தால் சர்வர் ஓடுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சோதிக்கும்போது கிளையண்டில் செட்டைம்அவுட் வைத்து 5 நொடி கொடுத்துவிடுங்கள். உள் நெட்வொர்க்கில் 5 நொடியில் வராத பதில் இரண்டு நிமிடத்திலும் வராது.

அறிகுறி: பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை

கெட்அட்ரஸ்இன்ஃபோ தோற்றது என்றோ பெயர் தெரியவில்லை என்றோ வந்தால் இணைப்பு முயற்சியே இன்னும் தொடங்கவில்லை. பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் கட்டத்திலேயே நின்றுவிட்டது. மாணவர்கள் கோடில் இதற்கு முதல் காரணம், பெயருக்கு முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருப்பது. பிரவுசருக்குத்தான் அது, சாக்கெட்டுக்குப் பெயர் மட்டும் போதும், கடைசியில் சாய்கோடும் வேண்டாம். அது சரியாக இருந்தும் வந்தால் 8.8.8.8-க்குப் பிங் போடுங்கள். அதற்குப் பதில் வந்து, பெயர்கள் மட்டும் வேலை செய்யாவிட்டால் டிஎன்எஸ் அமைப்பில் கோளாறு.

அறிகுறி: "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"

லினக்ஸில் 98, மேக்கில் 48, விண்டோஸில் 10048. அந்தப் போர்ட்டில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் உங்கள் பழைய சர்வரே. லினக்ஸிலும் மேக்கிலும் நிறுத்துவதற்கு கண்ட்ரோல்-சி அழுத்துவதற்குப் பதில் கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் புரோகிராம் சாகாது, தூங்கும், தூங்கினாலும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டெர்மினலில் ஜாப்ஸ் என்று தட்டினால் தூங்குகிறவர் பெயர் தெரியும், எஃப்ஜி கொடுத்து எழுப்பி கண்ட்ரோல்-சி அழுத்துங்கள்.

உண்மையாகவே நிறுத்திவிட்டீர்கள், ஆனாலும் வருகிறது, ஒரு நிமிடம் கழித்து ஓட்டினால் வரவில்லை என்றால் அது வேறு. முதலில் இணைப்பை மூடிய பக்கத்தில் அந்த இணைப்பின் நினைவை இயங்குதளம் கொஞ்சநேரம் வைத்திருக்கும், லினக்ஸில் 60 நொடி. தாமதமாக வந்து சேரும் பழைய பாக்கெட் புது இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. லினக்ஸிலும் மேக்கிலும் பைண்ட் வரிக்கு முன்னால் ரீயூஸ்அட்ரஸ் என்ற சாக்கெட் தெரிவை 1 என்று வைத்தால் காத்திருக்க வேண்டாம். பைண்டுக்குப் பிறகு வைத்தால் பயனில்லை. விண்டோஸில் அதை வைக்காதீர்கள், அங்கே அதன் பொருளே வேறு, இரண்டு புரோகிராம்கள் ஒரே போர்ட்டில் உட்கார அது வழிவிட்டுவிடும்.

மேக்கில் 5000 மட்டும் தகராறு செய்தால் அது ஏர்பிளே (படத்தையும் ஒலியையும் வேறு கருவிக்கு அனுப்பும் ஆப்பிள் வசதி). 2021-இல் வந்த மான்டரே என்ற மேக் இயங்குதளத்திலிருந்து அந்தப் போர்ட்டை அது எடுத்துக்கொள்கிறது. வேறு எண்ணுக்குப் போய்விடுங்கள். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள எண்ணைப் போட்டு அனுமதி மறுப்பு வந்தாலும் இதே பதில்தான், பயிற்சிக்கு மேலே உள்ள எண்கள் போதும்.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் இரண்டு பக்கமும் அமைதி

பிழையே வராத பிழை என்பதால் மாணவர்களை அதிகம் வதைப்பது இதுதான். ரிசீவ் என்ற அழைப்பு ஏதாவது வரும்வரை அந்த வரியிலேயே நிற்கும். சர்வர் ரிசீவில் நிற்கிறது, கிளையண்டும் ரிசீவில் நிற்கிறது, இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கிறார்கள். யார் முதலில் பேசுவது, அடுத்தது யார் என்பதைக் கோடு எழுதும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு வாங்குதல் இருக்க வேண்டும். இன்னும் பிடிபடவில்லை என்றால் ஒவ்வொரு அனுப்பும், வாங்கும் வரிக்கு முன்னும் பின்னும் ஒரு பிரிண்ட் போடுங்கள், எந்த வரியில் உறைந்தது என்று கண்ணெதிரே தெரியும்.

ரீட்லைன் பயன்படுத்துகிறீர்களா? அது புது வரிக் குறி வரும்வரை விடாது. இன்புட் மூலம் வாங்கிய வரியில் நீங்கள் அழுத்திய என்டர் இருக்காது, பைத்தான் அதை நீக்கிவிட்டுத்தான் தரும். எனவே அனுப்பும் முன் புது வரிக் குறியை நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: செய்தி ஒட்டிக்கொண்டு வருகிறது, அல்லது தமிழ் மட்டும் உடைகிறது

ஸ்ட்ரிங் கொடுத்தாய், பைட் வேண்டும் என்று திட்டினால் என்கோட் செய்து அனுப்புங்கள், வாங்கியதை டிகோட் செய்யுங்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம்.

மூன்று முறை அனுப்பினால் மூன்று முறை வாங்கலாம் என்று நினைக்கிறோம். இந்தச் சாக்கெட்டுகள் பேசப் பயன்படுத்தும் டிசிபி என்ற நெறிமுறைக்குச் செய்தி என்ற கணக்கே கிடையாது. அது ஒரு குழாய், பைட்டுகள் வரிசை மாறாமல் வரும் என்பது மட்டுமே அதன் வாக்குறுதி. மூன்று செய்தியும் ஒரே ரிசீவில் ஒட்டிக்கொண்டு வரலாம், ஒரே செய்தி இரண்டாக வெட்டுப்பட்டும் வரலாம். ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது பெரும்பாலும் சரியாக வந்துவிடும், வைஃபையில் போனதும் மாறும்.

ஆங்கிலத்தில் வெட்டுப்பட்டால் வார்த்தை உடையும், தமிழில் எழுத்தே உடையும். "வணக்கம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் வ, ண, க், க, ம் என்று 5 எழுத்து. பைத்தானில் லென் போட்டால் 7 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளி தனிக் குறி. யூடிஎஃப்-8-இல் என்கோட் செய்தால் 21 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. இப்போது ரிசீவில் 10 என்று கொடுத்துப் பாருங்கள். மூன்று குறிக்கு 9 பைட் போக, நான்காவதான புள்ளியின் முதல் பைட் மட்டும் கையில் நிற்கும். டிகோட் செய்தால் 9-ஆம் இடத்தில் தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று யூனிகோட் டிகோட் எரர் வரும். வழக்கமாகப் போடும் 1024-உம் மூன்றால் வகுபடாது, 341 குறி போக ஒரு பைட் மிஞ்சும். சிறிய செய்தியில் வராத பிழை நீளமான தமிழ்ச் செய்தியில் வருவது இதனால்தான். டிகோடில் இக்னோர் கொடுத்து எரரை விழுங்க வேண்டாம், எழுத்து காணாமல் போகும்.

சரியான வழி, எல்லைக் குறி ஒன்று வைத்துக்கொள்வது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் புது வரிக் குறி. வாங்கும் பக்கம் வந்த பைட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போங்கள், புது வரிக் குறி வந்ததும் அதுவரை உள்ளதை வெட்டியெடுத்து, அப்போதுதான் டிகோட் செய்யுங்கள். தமிழ் எழுத்துக்கு நடுவில் தற்செயலாக அந்தக் குறி வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்: யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் பைட் எல்லாமே 128 அல்லது அதற்கு மேல், புது வரிக் குறி 10. பைத்தானில் சாக்கெட்டின் மேல் மேக்ஃபைல் போட்டு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால், ரீட்லைன் இந்த வேலை முழுவதையும் செய்துவிடும். அனுப்பும் பக்கம் சென்ட் வேண்டாம், சென்ட்ஆல் போடுங்கள். கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு, அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தர சென்டுக்கு உரிமை உண்டு.

அறிகுறி: கிளையண்ட் போனதும் சர்வர் திரையில் காலி வரிகள் கொட்டுகின்றன

எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டால் ரிசீவ் காத்திருக்காது, காலி பைட்டைக் கொடுத்து உடனே திரும்பும், எத்தனை முறை கேட்டாலும் அதையே கொடுக்கும். வந்தது காலி என்றால் லூப்பிலிருந்து வெளியே வா என்று ஒரு இஃப் எழுதுங்கள்.

அறிகுறி: முதல் கிளையண்ட் பேசுகிறது, இரண்டாவது இணைகிறது, ஆனால் பதில் இல்லை

இரண்டாவது கிளையண்டுக்கு கனெக்ட் வெற்றி என்றே வரும், அதுதான் குழப்பம். வந்த இணைப்பை சர்வர் கையில் எடுக்கும் அக்செப்டை அழைக்கும் முன்பே இயங்குதளம் இணைப்பை முடித்து வரிசையில் நிறுத்திவைத்துவிடும். உங்கள் சர்வரோ முதல் கிளையண்டின் உள் லூப்பில் சிக்கியிருக்கிறது, அக்செப்ட் வரிக்குத் திரும்பவே இல்லை. முதல் கிளையண்டை மூடிப் பாருங்கள், இரண்டாவது அனுப்பியிருந்தது உடனே வந்து விழுந்தால் இதுதான் காரணம். ஒரு கிளையண்டோடு பேசும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக எடுத்து, அக்செப்ட் ஆனதும் ஒரு த்ரெட்டில் (பக்கவாட்டில் தனியாக ஓடும் வேலை) அதை ஓட்டிவிட்டு, முதன்மை லூப்பை அடுத்த அக்செப்டுக்கு விட்டுவிடுங்கள். அந்த ஃபங்ஷனுக்குள் போகும் சாக்கெட் அக்செப்ட் திருப்பித் தந்த புதியதுதானா என்று ஒருமுறை பாருங்கள். லிசன் செய்யும் பழைய சாக்கெட்டைக் கொடுத்தால் முதல் ரிசீவிலேயே இணைக்கப்படவில்லை என்று பிழை வரும்.